கைப்பேசியில் ஆசிரியர் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்ட ஒன்றியப் பள்ளி ஒன்றில் நான் இடைநிலை ஆசிரியை. 2019இல் தொடங்கிய, நிஷ்டா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சி முதலில் நேரடியாகத்தான் நடந்தது. கொரோனாவால் 2020 அக்டோபரில் திக்‌ஷா என்ற இணையவழிக் கற்றல் தளத்துக்கு மாறியது. இணையவழிப் பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். கைக்குழந்தையுடன் இருந்த என் சக ஆசிரியை, பேருந்து ஏறாமலே வீட்டிலிருந்து படித்தார். புரியாத இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். வகுப்பறைப் பயிற்சியில் அப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

ஆனால் காணொளியைப் பார்ப்பது வேறு, பாடம் நடத்தப் பழகுவது வேறு. முன்பு நேரடிப் பயிற்சியின்போது, வட்டார வள மையத்தில் தேநீர் இடைவேளையில், பத்து குச்சிகளை ரப்பர் பேண்டில் கட்டி இடமதிப்பு சொல்லித்தருவதை ஒரு மூத்த ஆசிரியர் காட்டினார். அவிழ்த்தால் ஒன்றுகள், கட்டினால் பத்து. கடன் வாங்கிக் கழிப்பதற்கு இன்றும் என் வகுப்பில் அந்தக் குச்சிகள்தாம். அடுப்படியில் கைப்பேசியை ஓடவிட்டு, கேள்விகளுக்கான விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கிச் சான்றிதழ் எடுப்பவர்களும் இருக்கிறார்கள் (எங்களுக்குள் இது ரகசியமில்லை). பதிவேட்டில் அவர்களும் பயிற்சி முடித்தவர்களே.

கல்வித் துறை ஒன்று செய்யலாம். ஒவ்வோர் இணையவழிப் பயிற்சிக்குப் பிறகும் அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் அரை நாள் கூடி, கற்றதை வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொல்லட்டும். அதற்கு விடுமுறைச் சனிக்கிழமையை மட்டும் எடுக்க வேண்டாம்.

ஓர் ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்