மஞ்சள் கோன்ஃபிளவர் என்று வேறு விதை அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, காட்டுப்பூ விதை நிறுவனம்
பொருள்: பாக்கெட்டில் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருந்த விதைக்கும் சம்பந்தமில்லை

வணக்கம்.

போன இலையுதிர் காலத்தில் உங்களிடம் மஞ்சள் கோன்ஃபிளவர் விதை வாங்கினேன். பாக்கெட்டில் ‘ரட்டிபிடா பின்னேட்டா’ என்று தாவரவியல் பெயரே அச்சாகியிருக்கிறது. பூத்து நிற்பதோ ருட்பெக்கியா ஹிர்ட்டா, அதாவது பிளாக் ஐட் சூசன். ஒன்றிரண்டு கலந்து வந்திருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். ஒரு செடிகூட நான் கேட்டது இல்லை.

மின்னஞ்சலில் சொன்னதற்கு உங்களிடமிருந்து வந்த பதில் இது: மண்ணைப் பொறுத்து இலை மாறும், பக்கத்து வீட்டு விதை விழுந்திருக்கலாம், எப்படியும் இரண்டும் இல்லினாய் மாநிலத்தின் சொந்த மஞ்சள் பூக்கள்தானே. கூடவே ஒரு தள்ளுபடிக் கூப்பன்!

முதலில் இலை. நாற்றாக இருக்கும்போது இரண்டுக்கும் முழு இலைதான், அதனால் அவசரப்படாமல் காத்திருந்தேன். ரட்டிபிடாவாக இருந்தால் அடுத்தடுத்து வரும் இலைகள் நடுநரம்பு வரை பிளந்து, ஒவ்வொன்றும் மூன்று முதல் ஏழு மடலாகப் பிரியும். இங்கே ஜூன் முடிந்தும் எல்லாம் பிளவுபடாத, சொரசொரவென்று முடியடர்ந்த இலைகள். எந்த மண்ணும் இதை அதுவாக்காது.

பூவைப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ரட்டிபிடாவின் இதழ்கள் தண்டை ஒட்டித் தொங்கும். நடுவில் விரல்நுனி போல நீண்ட கூம்பு, முதலில் சாம்பல் பச்சையாக இருந்து கீழிருந்து மேலாகப் பழுப்பாகும். காய்ந்த கூம்பைக் கசக்கினால் சோம்பு வாசனை வரும். என் தோட்டத்துப் பூக்களில் இதழ்கள் தட்டையாக விரிந்திருக்கின்றன, நடுவில் கரும்பழுப்பில் ஒரு குமிழ். கசக்கியும் பார்த்தேன், சோம்பு இல்லை. அது போக, ரட்டிபிடா விதையிலிருந்து வந்தால் வழக்கமாக இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் பூக்கும். இவை முதல் கோடையிலேயே பூத்துவிட்டன.

அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டு விதைக் கதை. குளிர்ச்சி பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால், டிசம்பரில் பிளாஸ்டிக் பால் கேன்களைப் பாதியாக வெட்டி, கடையில் வாங்கிய புதிய நாற்றுக் கலவையை நிரப்பி விதைத்து, டேப் ஒட்டி வெளியே பனியில் வைத்தேன். மூடிய கேனுக்குள் பக்கத்து வீட்டு விதை எப்படி வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டும் மஞ்சள்தானே என்பதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். பிளாக் ஐட் சூசன் நல்ல பூ, அதன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதற்கு ஆயுசு குறைவு, பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடம். எனக்கு வேண்டியது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களிமண் சரிவுக்கு. அங்கே பிக் புளூஸ்டெம் புல் ஆளுயரம் வளர்கிறது. அதற்கு ஈடுகொடுத்து நாலைந்து அடி உயர்ந்து, வருடா வருடம் அதே வேரிலிருந்து எழும் செடி ரட்டிபிடா. சூசன் அந்தப் புல்லுக்குள் இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும். எனக்கு ஒரு வருடம் வீண். பாக்கெட்டின் விலையை விட இதுதான் பெரிய நஷ்டம்.

கூப்பன் வேண்டாம். பணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது சரிபார்த்த ரட்டிபிடா விதையை நவம்பருக்குள் அனுப்புங்கள். குளிர்காலத்திலேயே விதைத்தால்தான் விதைக்குப் போதிய குளிர் கிடைக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் உள்ள லாட் எண்ணை வைத்து, அதே விதையை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்களில் யாராவது அதைப் புல்வெளி மீட்புக்கு ஏக்கர் கணக்கில் விதைத்திருக்கலாம்.

பாக்கெட், இலை, பூ, நெடுக்காக வெட்டிய கூம்பு ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். தாவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்