முழு விலை கொடுத்தவர்கள் நாங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சந்தையில் புழங்கும் போலி எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் கடைசிப் பத்தியில், "மலிவு விலைக்கு ஆசைப்படுகிறவர்கள்தான் டூப்ளிகேட் போர்டு வாங்கி ஏமாறுகிறார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு நாளாக அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் பத்திரிகையை இருபது ஆண்டுகளாகச் சந்தா கட்டி வாங்குகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை. பணியில் இருந்த கடைசி ஆண்டில், பள்ளி மாணவிகளுக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஆறு ஆர்டுயினோ ஊனோ போர்டுகள் வாங்கினேன். கணினியில் எழுதிய புரோகிராமை ஏற்றி, மோட்டார், விளக்கு போன்றவற்றை இயக்கிப் பழகும் சிறிய சர்க்யூட் போர்டு அது. நடைபாதையில் அல்ல, கண்ணாடிக் கதவு போட்ட கடையில். அதே கடையில் வேறு பெயர் போட்ட போர்டு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. "பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறேன், ஒரிஜினல்தான் வேண்டும்" என்று சொல்லி, ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் எண்ணிவைத்தேன். பாதிப் பணம் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்தது, மீதி என் சம்பளம். அச்சிட்ட அட்டைப்பெட்டி, உள்ளே வழிகாட்டித் தாள், ஒட்டுப்படம் எல்லாம் முறையாகவே இருந்தன. இதில் மலிவு எங்கே, ஐயா? ஆசை எங்கே?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தப் போர்டில் ஒன்றை வைத்து, மண்ணின் ஈரம் குறைந்தால் தானாகத் தண்ணீர் விடும் மோட்டார் செய்தாள். போர்டு ஐந்து நிமிடம் ஓடும், பிறகு நின்றுவிடும், தானே மறுபடி தொடங்கும். இரண்டு இரவுகள் உட்கார்ந்து புரோகிராமை முதலிலிருந்து மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாள். கண்காட்சி நாளில் 9 வோல்ட் அடாப்டரைச் செருகினோம். அந்தப் போர்டுக்கு 7 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கலாம் என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் அளவு. நடுவர்கள் பக்கத்து மேசையில் இருந்தபோது கருகல் நாற்றம் வந்தது. வோல்ட்டைக் குறைத்துச் சீராக்கித் தரும் ரெகுலேட்டர் போய்விட்டது. "நான் எழுதினதில்தான் ஏதோ தப்பு, டீச்சர்" என்று அவள் அழுதாள். அந்த நிமிடம் எனக்கும் பதில் தெரியவில்லை.

அன்று மாலை ஆய்வகத்தில் லென்ஸை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அசல் போர்டின் பின்பக்கத்தில் சின்னதாக இத்தாலி வரைபடம் அச்சிட்டிருக்கும். அவள் போர்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தாலி பூட்ஸ் மாதிரி இருக்கும் என்று சமூக அறிவியலில் படித்தோமே, இது பூட்ஸ் மாதிரியே இல்லையே" என்றாள். ஓரமெல்லாம் மழுங்கி, மை தெறித்தது போல் இருந்தது அந்தப் படம். நான் பார்க்காததை அந்தப் பிள்ளை பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. யுஎஸ்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பியூஸ், அசலில் கருமையும் பொன்னிறமுமாக இருக்கும். இதில் பச்சையாக இருந்தது. எழுத்துகளின் தடிமன் ஒரே சீராக இல்லை. கணினியில் செருகினால் ஆர்டுயினோ ஊனோ என்று வர வேண்டிய இடத்தில் சிஎச்340 என்ற வேறொரு சிப்பின் பெயர் வந்தது. அசல் ஊனோவின் மூன்றாம் பதிப்பில் கணினியோடு பேசும் வேலையை ஏடிமெகா16யு2 என்ற சிப் செய்யும். முதல் நாளே அந்த வித்தியாசம் திரையில் தெரிந்தது. நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

சிஎச்340 சிப்பைக் குறை சொல்லவில்லை. விலை குறைந்த, ஒழுங்காக வேலை செய்யும் சீனச் சிப் அது. குறைந்த விலைப் போர்டுகளையும் குறை சொல்லவில்லை. தங்களுக்குத் தெரியாததல்ல, 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோவை உருவாக்கியவர்கள் அதன் மின்சுற்று வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து கொடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துப் போர்டு செய்யலாம், தன் பெயரைப் போட்டு விற்கலாம். அதில் திருட்டு எதுவும் இல்லை. அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது பெயரையும் முத்திரையையும் மட்டும்தான். அந்தப் பெயரைத் திருடி ஒட்டுவதுதான் போலி. ஐந்நூறு ரூபாய்ப் போர்டை வாங்கியிருந்தால் நான் ஏமாந்திருக்கவே மாட்டேன். நான் ஏமாந்தது அசலுக்கான விலையைக் கொடுத்ததால். உங்கள் கட்டுரை இதைத் தலைகீழாக எழுதியிருக்கிறது.

தொழில் தெரிந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்பார்க்பன் என்ற நிறுவனம் இந்தப் பொருள்களை விற்பதையே தொழிலாகக் கொண்டது. 2010-இல் அவர்கள் மொத்தமாக வாங்கிய, ஊனோ போர்டுக்கு மூளையாக இருக்கும் ஏடிமெகா328 சிப்புகளைச் சோதித்தால், மேலே அந்தப் பெயர், உள்ளே சம்பந்தமே இல்லாத வேறு சில்லு. அதை மறைக்காமல் வெளியே சொன்னார்கள். அவர்களையும் பேராசைக்காரர்கள் என்று எழுதுவோமா?

2014 அக்டோபரில் நடந்ததும் நினைவிருக்கும். யுஎஸ்பி கேபிள்களில் வைக்கும் சிப்பைச் செய்யும் ஓர் ஐரோப்பிய நிறுவனம், தன் சிப்பின் போலிகளைத் தண்டிப்பதற்காக, விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவர் மென்பொருளை அனுப்பியது. போலி சிப் உள்ள கேபிளைச் செருகியதும் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும். பிறகு கணினி அந்தக் கேபிளைக் கண்டுகொள்ளாது. கண்டனம் எழுந்த பிறகு டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். எங்கள் ஆய்வகத்தில் மூன்று கேபிள்கள் அப்படிச் செத்தன. அப்போதும் அடி வாங்கியது வாங்கியவர்தான். போலியைச் செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பற்றி அன்றே உங்களுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் நீங்கள் மாதாமாதம் வெளியிட்டுவந்த மின்னணுப் பயிற்சிப் பக்கத்தை நிறுத்தினீர்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி வைத்துத்தான் டிரான்சிஸ்டர் பாடம் நடத்தினேன். இப்போது அந்த இடத்தில் கைபேசி விமர்சனம் வருகிறது. அந்தப் பக்கம் இருந்திருந்தால் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வாசகருக்குச் சொல்ல ஓர் இடம் இருந்திருக்கும்.

கடைக்குத் திரும்பப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். "மேடம், நீங்கள் வாங்கியது இதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். பில்லைப் பார்த்தேன். "எலெக்ட்ரானிக் பொருட்கள் - 6" என்று மட்டும் இருந்தது. ஒரிஜினல் என்ற சொல் இல்லை, ஆர்டுயினோ என்ற பெயரும் இல்லை. அசல் என்று பொய் சொல்லி விற்கப்படும் பொருளைப் பற்றி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. அடுத்தவர் முத்திரையை ஒட்டி விற்றால் 1999 வணிக முத்திரைச் சட்டத்தில் சிறைத் தண்டனையே உண்டு. ஆனால் பில்லில் பெயர் இல்லாதவள் எதை நீட்டி வழக்குப் போடுவது? அதே தெருவில், "இது கம்பாட்டிபிள், அசலைப் போலவே வேலை செய்யும், ஆனால் ஒரிஜினல் இல்லை" என்று நாம் கேட்காமலே சொல்லி, அப்படியே பில்லிலும் எழுதித் தரும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு வருத்தம்.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட படத்தில் "அசல்" என்று குறித்திருக்கும் போர்டின் பியூஸ் பச்சை நிறத்தில் இருக்கிறது. லென்ஸ் வைத்து மூன்று முறை பார்த்துவிட்டேன். அச்சில் நிறம் மாறியிருக்குமோ என்று பக்கத்திலிருந்த மற்ற நிறங்களோடும் ஒப்பிட்டேன். அவை சரியாகவே இருந்தன. உங்கள் அலுவலகத்திலும் யாரோ நல்ல நம்பிக்கையோடு முழு விலை கொடுத்துத்தான் அதை வாங்கியிருப்பார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த இதழில் அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். போர்டு வாங்குகிறவர்கள் பில்லில் பொருளின் பெயரையும், அது ஒரிஜினலா கம்பாட்டிபிளா என்பதையும் எழுதி வாங்க வேண்டும் என்று இரண்டு வரி சேருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பின்னாளில் நான் வாங்கிய அசல் போர்டு ஒன்றும், கருகிப்போன அந்தப் போர்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமென்றால் இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன். கருகியதை மட்டும் மறக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது அந்த மாணவியுடையது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
திண்டுக்கல்