'கிட்டும்' என்பது பிழையா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாப் பையன்கள் நால்வரின் இரண்டாவது ஆல்பத்துக்கு முக்கால் பக்கம் விமர்சனம் கொடுத்திருந்தீர்கள். இண்டி பாப் என்றால் என்ன என்று பெற்றவர்களே கேட்கிற ஊரில் இருந்துகொண்டு பாட்டுப் போடும் பிள்ளைகள். அவர்களுக்கு முக்கால் பக்கம் பெரிய விஷயம், நன்றி. குழுவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, இந்தச் சண்டையில் அவர்களை இழுக்கவும் வேண்டாம்.

வருத்தமெல்லாம் அந்த விமர்சனத்தின் ஓரிடத்தின்மேல்தான். முதல் ஆல்பத்தில் 'கிடைக்கும்' என்று வரவேண்டிய இடத்தில் 'கிட்டும்' என்று பாடினார்களாம். அது மலையாளக் கலப்பாம். இந்த ஆல்பத்தில் அந்த எல்லைப்புறப் பிழைகள் நீங்கி, குழு இசையில் வளர்ந்துவிட்டதாம்.

'கிட்டாதாயின் வெட்டென மற' என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தமிழ் வாத்தியார். கேரள அரசு சம்பளம் வாங்கியவர்தான், ஆனால் தமிழில்தான் அடித்தார். கொன்றைவேந்தனுக்கு அந்தச் சொல்லை ஔவையார் எந்த மலையாளியிடம் கடன் வாங்கினார் என்று உங்கள் விமர்சகரிடம் கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் பஸ் கிட்டாது, கேஸ் சிலிண்டர் கிட்டாது, கூலிக்கு ஆள் கிட்டாது. கிடைக்காமல் போகிற அளவுக்கு நாங்கள் இன்னும் வளரவில்லை போலிருக்கிறது.

நான் எழுத்தாளன் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவன். மாநில எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு கானமேளா என்று பெயர், அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் போனால் இன்னிசைக் கச்சேரி. அதே ஆட்கள், அதே ஆம்ப்ளிஃபயர், அதே வேன். பாலக்காட்டுப் பக்கம் ஒரு பூரத் திருவிழாவுக்குப் போனால் தமிழர்கள் என்று கேலியாக, 'பாண்டிகள் வந்துட்டாங்க' என்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோயில் கமிட்டிக்காரர், நாங்கள் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வந்து, 'கேரளா ட்ரூப்புங்களா? தமிழ்ப் பாட்டெல்லாம் வருங்களா?' என்று கேட்டார். எங்கள் பாடகர் அவருக்குப் பதில் சொல்லவில்லை, அன்றைக்கு மூன்று மணி நேரம் எம்.எஸ்.வி. பாட்டாகவே பாடினார். கடைசியில் அதே கமிட்டிக்காரர் ஐம்பது ரூபாய் அன்பளிப்புக் கொடுத்து, 'மலையாளிங்க நல்லா பாடுறீங்க' என்றார்.

எம்.எஸ்.வி. என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் 1928-இல் பிறந்தது எங்களுக்குப் பக்கத்து எலப்புள்ளியில். 2015-இல் அவர் மறைந்தபோது நீங்கள் போட்ட சிறப்புப் பக்கங்களில் எலப்புள்ளி என்ற சொல்லே இல்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இடம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதைச் சொல்லி ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு வரியாக வெட்டி வெளியிட்டீர்கள், அதற்கும் நன்றி. ஆனால் என் பெயருக்குக் கீழே 'சித்தூர், ஆந்திரா' என்று போட்டிருந்தீர்கள். ஒரு வாரம் என் வீட்டுக்காரி 'திருப்பதி லட்டு எங்கே' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சித்தூர் வேறு, இந்தச் சித்தூர் வேறு. முன்பு கொச்சி ராஜாவுக்குக் கீழே இருந்தோம். 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது, மொழியைக் கையில் வைத்துக்கொண்டு கேரளத்துக்குள் நின்றுவிட்டோம். அவ்வளவுதான் நாங்கள் செய்த குற்றம்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். என் மகளின் ஹெட்போனில் மூன்று தடவை கேட்டேன். உங்கள் விமர்சகர் வயலின் கூட்டத்தையும் சென்னை ஸ்டுடியோவின் சுத்தமான ஒலிப்பதிவையும் வளர்ச்சிக் கணக்கில் எழுதியிருக்கிறார். காசு கொடுத்தால் வயலின் வரும், அதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது? முதல் ஆல்பத்தில் அந்த பேஸ் வாசிக்கும் பையன், கிடாரில் என்ன கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) விழுகிறதோ அதன் அடி ஸ்வரத்திலேயே குத்துக்கல்லாக நின்றான். நானும் முதல் பத்து வருஷம் அப்படித்தான் நின்றேன். இந்த ஆல்பத்தில் நான்காவது பாட்டைக் கேளுங்கள். சரணத்துக்கு முன்னால் ட்ரம்ஸ் நின்றுவிடுகிறது. பேஸ் மட்டும் தனியாகப் படி இறங்குகிறது, நாலே படிதான். பாடுகிறவன் அரை இடம் தள்ளி எடுக்கிறான். முந்தைய ஆல்பத்தில் பாட்டை எப்படி முடிப்பதென்று தெரியாமல் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து நழுவினார்கள். இதில் ஐந்து பாட்டு டக்கென்று நிற்கிறது. எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்கு எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது, இவர்களுக்கு இரண்டு ஆல்பம் போதுமாக இருந்திருக்கிறது. இதைப் பற்றி உங்கள் முக்கால் பக்கத்தில் ஒரு சொல் இல்லை. பேஸ் வாசித்தவன் பெயர்கூட இல்லை. (பேஸ் வாசிப்பவன் பெயரை யாரும் போடுவதில்லை, அது எனக்குப் பழகிவிட்டது.)

திருவனந்தபுரத்து 'அவியல்' குழு 2008-இல் மலையாளத்திலேயே ராக் ஆல்பம் போட்டது. கொச்சியில் ஓர் இடத்தின் பெயரையே வைத்துக்கொண்ட 'தைக்கூடம் பிரிட்ஜ்' 2019-இல் இரண்டாவது ஆல்பம் கொண்டுவந்தபோது ஜோர்டன் ரூடெஸ், கத்ரி கோவன் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாசித்தார்கள். அதற்காகத் தைக்கூடம் என்ற ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லி யாரும் திருத்தவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், 2018-இல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடை ஏறியபோது அவர்களுடைய கானாப் பேச்சை 'மண்ணின் குரல்' என்று நீங்கள்தான் கொண்டாடினீர்கள். நியாயமான கொண்டாட்டம், நானும் கைதட்டினேன். சென்னைப் பேச்சு என்றால் மண்ணின் குரல், கொழிஞ்சாம்பாறைப் பேச்சு என்றால் பிழை. மண் எந்த ஊரிலிருந்து தொடங்குகிறது என்று ஒரு வரைபடம் வெளியிட்டால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இதையும் நான் விழுங்கியிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு கல்யாண வரவேற்பில் அந்தப் பையன்கள் வாசித்தார்கள். பழைய பாட்டை எடுத்தார்கள். பாடுகிறவன் 'கிட்டும்' வரும் இடத்தில் 'கிடைக்கும்' என்று பாடினான். 'கிட்' என்று அடி விழ வேண்டிய இடத்தில் ஒரு சின்ன 'கி' வந்து வழுக்க, 'டைக்' போய் அடுத்த அடியில் இடித்தது. ட்ரம்ஸ் பையன் திரும்பிப் பார்த்தான். இறங்கி வந்தவனிடம் 'ஏன் தம்பி மாத்தினே?' என்றேன். 'பத்திரிகையிலே எழுதிட்டாங்களே அண்ணா' என்றான்.

அதனால் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் 'கிட்டும்' தமிழ்ச் சொல்லே என்று ஒரு வரி போடுங்கள், பக்கத்து மூலையில் போட்டாலும் போதும். கூடவே பேஸ், ட்ரம்ஸ் வாசித்த இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள், அதைக் குழுவிடம் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் எம்.எஸ்.வி. பத்தியை வெட்டுங்கள், அது ஏற்கெனவே ஒருமுறை வெட்டுப்பட்டதுதான். மாவட்டத்தின் பெயரை மட்டும் சரியாகப் போடவும். இதழ் எங்களுக்குக் கோவை உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் கிட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய பேஸ் கிடார்காரன்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம், கேரளம்.