இந்த ஒரு படம் போதும்னு எழுதினீங்களே

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழ்ல லீவு ஸ்பெஷல் பக்கத்துல 'ராத் ஆஃப் தி டைட்டன்ஸ்' படத்தைப் பத்தி நாலு பாரா போட்டிருந்தீங்க. 2012ல வந்த படம், பழசுதான், பசங்க வீட்ல இருக்கற நேரம் பார்க்கட்டும்னு போட்டிருப்பீங்க, அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கடைசியில "கிரேக்க புராணத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த ஒரு படம் போதும்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. எழுத வேண்டாம்னு ரெண்டு நாள் பேசாம இருந்து பார்த்தேன், முடியல.

எங்க வீட்ல நடந்ததைச் சொல்றேன். என் பொண்ணு ஆறாவது படிக்கறா. நாலு வயசுல இருந்து ராத்திரி அவளுக்குக் கதை சொல்றது நான்தான், நம்ம கதையெல்லாம் முடிச்சு கிரேக்கக் கதைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது. தீசியஸ்ங்கற வீரன் கிரீட் தீவுக்குப் போய், அந்த ஊர் ராஜா பொண்ணு அரியாட்னே கொடுத்த நூல்கண்டைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சுத்துவழிக்குள்ள நுழைஞ்சு மினோட்டார்ங்கற மாட்டுத்தலை மனுஷனைக் கொன்ன கதையை எத்தனை தடவை கேட்டிருப்பாளோ கணக்கே இல்ல, ஒவ்வொரு தடவையும் நூல் அறுந்துடாதாப்பான்னு கேப்பா. அப்படிப்பட்டவ இந்தப் படத்தை டிவியில பார்த்தா. அடுத்த மாசம் ஒரு க்விஸ்ல மினோட்டாரைக் கொன்னது யாருன்னு கேட்டிருக்காங்க, பெர்சியஸ்னு அந்தப் பட ஹீரோ பேரை எழுதிட்டு வந்து நிக்கறா. ஏம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கேன்னு கேட்டா, "நீ சொன்னதைக் காதால கேட்டேன்ப்பா, இதைக் கண்ணால பார்த்தேன்ல"ங்கறா. இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

ஏன்னா படத்துல அப்படித்தான் இருக்கு. மினோட்டாரோட மோதறது பெர்சியஸ், சிங்கமும் ஆடும் பாம்பும் சேர்ந்த கிமேராங்கற மிருகத்தைக் கொல்றதும் பெர்சியஸ். கிமேராவைக் கொன்னது பெலரோஃபோன்ங்கற வீரர் சார், பெகாசஸ்ங்கற றெக்கை வெச்ச குதிரையை அடக்கி அது மேல ஏறிப் போய்க் கொன்னது அவர்தான். நம்ம ஊர்ல வாலியைக் கொன்னது அர்ஜுனன்னு ஒருத்தர் படம் எடுத்தா, குழந்தைகளுக்கு ராமாயணம் சொல்லிக்கொடுக்க இது போதும்னு எழுதுவீங்களா? அடுத்தவங்க புராணம்னா மட்டும் எப்படி வேணா இருக்கலாமா?

முதல் பாகமான 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்'ல பெர்சியஸுக்கு அயோ ஜோடி. ரெண்டாவது பாகத்துல அவ செத்துப்போய் ஒரு பையனை விட்டுட்டுப் போயிருக்கா. அயோ யாருன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது, சாமிங்களுக்கெல்லாம் ராஜாவான ஜீயஸ் பசுவா மாத்தின ஆர்கோஸ் நகரத்துப் பொண்ணு, பெர்சியஸுக்கு ஒன்பது தலைமுறை முந்தின பாட்டி. பாட்டியைக் கொண்டுவந்து பொண்டாட்டி ஆக்கிட்டாங்க. உண்மையில கட்டிக்கிட்ட ஆன்ட்ரோமெடா அவருக்குக் கடைசி சீன்லதான் கிடைக்கறா. குளிர்காலத்துல மொட்டை மாடியில நின்னு வடக்கே கசியோபியா நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டி, அதோ அதுதான் மாமியார், பக்கத்துல பொண்ணு ஆன்ட்ரோமெடா, அந்தாண்ட மருமகன் பெர்சியஸ்னு என் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். வானத்துலயே குடும்பமா இருக்காங்க சார்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். சாமிங்க சாகறாங்களே, அதைத்தான் தாங்க முடியல. மனுஷங்க கும்பிடறதை நிறுத்திட்டதால சக்தி போய் கடல் சாமி பொசைடன் மண்ணா உதிர்ந்து போறார், கடைசியில ஜீயஸும் அப்படியேதான், போர் சாமி ஏரஸை பெர்சியஸே கொல்றார். கிரேக்கத்துல சாமிக்கு இன்னொரு பேரே சாகாதவங்கதான். ஹோமரோட இலியட் காவியத்துல டயோமிடிஸ்ங்கற கிரேக்க வீரனோட ஈட்டி ஏரஸ் வயித்துல இறங்கறப்ப ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தின மாதிரி அலறினார்னு வரும், அலறிக்கிட்டு ஒலிம்பஸுக்கு ஓடிப்போய் அப்பா ஜீயஸ்கிட்ட முறையிடறார், திட்டு வாங்கறார், மருந்து போட்டதும் சரியாகி உக்காந்துடறார். சாக மாட்டார், சாகவும் முடியாது. அதனாலதான் அந்தக் கதையில சாகற மனுஷனோட வீரத்துக்கு அவ்வளவு மதிப்பு. சாமியும் சாகும்னு ஆக்கிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?

ஜீயஸோட அப்பா க்ரோனஸும் அப்படித்தான். படத்துல மலை மாதிரி நெருப்புக் குழம்பு ஒழுகற பூதம், பேச்சு கூட சரியா கிடையாது. பெத்த பிள்ளைகளை விழுங்கினவர்தான், பொண்டாட்டி ரியா துணியில சுத்திக் கொடுத்த கல்லை ஜீயஸ்னு நினைச்சு விழுங்கினவர்தான், இல்லைங்கல. ஆனா அவர் ஆண்ட காலம்தான் பொற்காலம், உழைக்காமலே பூமி விளைஞ்சுதுன்னு பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்றார். ஏதென்ஸ்ல கோடையில அறுவடை முடிஞ்சதும் க்ரோனியான்னு அவர் பேர்ல ஒரு பண்டிகை, அன்னிக்கு எஜமானும் அடிமையும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. இப்படி ரெண்டு பக்கமும் இருக்கற ஒருத்தரை வெறும் எரிமலையாக்கி வெச்சுட்டாங்க.

நான் படமே பார்க்கக் கூடாதுங்கற ஆள் இல்ல. கிமேரா கிராமத்துக்குள்ள பாயற சீன் நல்லாவே இருக்கும். 1981ல ரே ஹாரிஹவுசன் பொம்மையை ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தி செஞ்ச பழைய 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' படத்துலயும் நார்வே மாலுமிங்க கதையில வர்ற கிராக்கன்ங்கற கடல் பூதத்தைத்தான் கொண்டுவந்து போட்டிருந்தாங்க, ஆனா அதுல வர்ற பாம்புமுடி மெடூசாவை இன்னிக்கும் மறக்க முடியல. படத்தைப் படமா பார்க்கச் சொல்லுங்க, பாடமா பார்க்கச் சொல்லாதீங்க.

உங்க பத்திரிகையை நம்பி ஏமாந்தது இது முதல் தடவையும் இல்ல. 2010ல முதல் பாகம் வந்தப்ப 3டியில பார்த்தே ஆகணும்னு எழுதினீங்க, நானும் வீட்டம்மாவும் கண்ணாடிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துப் போய் தலைவலியோட திரும்பினோம். அவதார் ஓடினதைப் பார்த்துட்டு, சாதாரணமா எடுத்த படத்தைக் கடைசி நேரத்துல சுமார் பத்து வாரத்துல 3டியா மாத்தினாங்கன்னு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சது. நீங்க ஒரு வரி சொல்லியிருக்கலாம். அப்பவே கடிதம் போட்டேன், வரல. ஹெர்குலிஸ்ங்கறது ரோமானியப் பேர், கிரேக்கத்துல ஹெராக்ளிஸ்னு இன்னொரு தடவை எழுதினேன், அதுவும் வரல. இடம் இருந்திருக்காது, சரி.

இந்த தடவை நான் கேக்கறது கொஞ்சம்தான். அடுத்த இதழ்ல எங்கேயாவது ஒரு சின்னப் பெட்டிச் செய்தி, மினோட்டாரைக் கொன்னது தீசியஸ், கிமேராவைக் கொன்னது பெலரோஃபோன்னு ரெண்டே வரி. அப்படியே அதே பக்கத்துல ஜீயஸ், ஸீயஸ், சூஸ்னு மூணு விதமா போட்டிருந்தீங்களே, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிக்கோங்க. என் பேர் போடணும்னு கூட இல்ல. அந்தப் பெட்டி வந்தா வெட்டி என் பொண்ணு நோட்டுல ஒட்டி வெச்சுடுவேன், அச்சுல வந்ததைக் கண்ணால பார்த்தா ஒருவேளை நம்புவா.

இப்படிக்கு,
பல வருஷமா சந்தா கட்டற ஒரு வாசகர்