பேய் என்ன பாஷை கதைக்கும்? ரீமேக் படங்களைத் தள்ளிவைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மல்லாவிப் பக்கம் மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் பொதுநோக்கு மண்டபத்தில் படம் போடும் தம்பி, தங்கச்சிமாருக்கு,

சந்தைக்குப் போகிற வழியில் உங்கள் அறிவித்தலைப் பார்த்தேன். "இனி ரீமேக் படங்கள் போடப்படமாட்டா, மூலப் படங்கள் மட்டும்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். போன மாதம் 'சந்திரமுகி' போட்ட இரவு நடந்த சண்டைதான் காரணம் என்று தெரியும். ஒரு பக்கம் ரஜினி ஆட்கள், மற்றப் பக்கம் அதன் மலையாள மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' பார்த்த ஆட்கள். கடைசியில் கதிரை அடுக்க ஒருவரும் இல்லை. நானும் இன்னொரு அக்காவும்தான் அடுக்கினோம். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் முடிவு பிழை.

உங்களில் ஒருவர் அன்றைக்கு "ரீமேக் என்றால் கார்பன் கொப்பிதானே" என்றார். கார்பன் கொப்பியில் பேயின் பாஷை மாறுமா, தம்பி?

1993 இல் ஃபாசில் எடுத்த அந்த மலையாளப் படத்தில் பேயாக வரும் நாகவல்லி தஞ்சாவூரில் இருந்து வந்த நடனக்காரி. மலையாள வீட்டுக்குள் சோபனா திடீரென்று தமிழில் சீறும்போது அங்கே பார்ப்பவருக்கு உடம்பு கூசும். பி. வாசு 2005 இல் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல்: தமிழ் கதைக்கிற பேய்க்குத் தமிழ் ஆட்கள் பயப்படுவார்களா? அதனால் சந்திரமுகி ஆந்திராக்காரியாகித் தெலுங்கில் 'ரா ரா' என்று பாடினாள். 2007 இல் பிரியதர்சன் ஹிந்தியில் 'பூல் புலையா' எடுத்தார். அதில் அவள் வங்காளி. பிரியதர்சன் மூலப் படத்திலேயே இரண்டாம் அலகு இயக்குநர்களில் ஒருவராக வேலை செய்தவர், கதை முழுக்க அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவரும் மாற்றித்தான் ஆகவேண்டி இருந்தது.

எந்த ஊரில் எடுத்தாலும் பேய்க்குப் பிறத்தியார் பாஷைதான். சண்டைக்கு நடுவில் பின்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெடியன் கேட்டான்: "இஞ்ச எடுத்தா பேய் என்ன பாஷை கதைக்கும்?" கொஞ்சப் பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவரும் பதில் சொல்லவில்லை, திரும்ப ரஜினிக்கே போய்விட்டீர்கள். வன்னியில் ஒரு மண்டபத்தில் அதைவிட நல்ல கேள்வி வருமா?

எனக்கு ஃபாசிலின் படம்தான் பிடிக்கும், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் ஏன் பிடிக்கும் என்பது 'சந்திரமுகி' பார்த்த பிறகுதான் விளங்கியது. மோகன்லால் படத்தின் பாதிக்குக் கிட்டத்தான் வருகிறார். அதுவரைக்கும் அந்த வீடும் சோபனா நடித்த கங்காவும்தான் படம். ரஜினி தொடக்கத்திலேயே சண்டையோடும் பாட்டோடும் வந்துவிடுகிறார். அவர் வந்தபின் வீட்டைப் பார்க்க யாருக்கு நேரம்? பாரம் எந்தத் தோளில் ஏறுகிறது என்பது இரண்டையும் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இயக்குநர் மாறியதால்தான் இப்படி என்பீர்கள். இயக்குநர் மாறாத படங்களைப் பாருங்கள். ஜீத்து ஜோசப் 2013 இல் மலையாளத்தில் 'த்ரிஷ்யம்', 2015 இல் அதையே தமிழில் 'பாபநாசம்' என்று எடுத்தார். கடைசியில் இறந்துபோன பெடியனின் பெற்றோருக்கு முன்னால் நின்று கதைக்கும் காட்சியில் மோகன்லால் எல்லாவற்றையும் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு கதைக்கிறார். கமல் நெல்லைத் தமிழில் உடைந்து அழுகிறார். கையும் ஒன்று, காட்சியும் ஒன்று, படம் இரண்டு. இதே கதையை 2017 இல் செய்யாறு ரவி என்ற தமிழ்நாட்டுக்காரர் ஜாக்சன் அந்தனியை வைத்துச் சிங்களத்தில் 'தர்மயுத்தய' என்று எடுத்தார். நம் நாட்டுக்கே வந்த ரீமேக், அதையும் உங்கள் சிவப்பு மை தடுக்கிறது.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவும் 1982 இல் எடுத்த 'மூன்றாம் பிறை'யை அடுத்த வருடமே அதே கமல், அதே ஸ்ரீதேவியோடு 'சத்மா' என்று ஹிந்தியில் எடுத்தவர்தான். அவரையும் கொப்பியடித்தவர் என்பீர்களா?

அப்புறம், பாணி பற்றிப் பெரிதாக வாதாடுகிற தம்பிக்கு ஒன்று. 'அர்ஜுன் ரெட்டி' என்ற தெலுங்குப் படத்தைத் தமிழில் முதலில் எடுத்தவர் பாலா. தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அதே நாயகன் துருவ் விக்ரமை வைத்து, கிரிசாயா என்ற இயக்குநரைக் கொண்டு திரும்ப எடுத்து 2019 இல் 'ஆதித்ய வர்மா' என்று வெளியிட்டார்கள். பாலாவின் 'வர்மா' 2020 இல் இணையத்தில் வந்தது. ஒரே கதை, ஒரே நாயகன், இரண்டு இயக்குநர்கள். பாணி என்றால் என்ன என்று காட்ட இதைவிட வசதியான பாடம் கிடைக்காது. (இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு கதை.)

எங்கள் காலத்தில் மின்சாரம் இல்லை. ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். எது மூலம், எது ரீமேக் என்று சொல்லித் தர ஆளில்லாமலே பார்த்தோம். உங்களுக்கு அந்தக் குறை இல்லை.

ஆகவே அறிவித்தலைக் கிழியுங்கள். ஒரு மாதம் மூலம், அடுத்த மாதம் ரீமேக் என்று சோடியாகப் போடுங்கள். நேரம் போதாவிட்டால் இரண்டிலும் ஒரே காட்சியை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டுக் கதையுங்கள். அந்தச் சின்னப் பெடியனை முதலில் கதைக்க விடுங்கள். படங்களைத் தேடித் தருவது என் பொறுப்பு. கதிரை அடுக்குவது உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
வாசலோரக் கதிரையில் இருக்கும் அக்கா