டிஸ்சார்ஜ் சீட்டுல ஒரு வரி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம்னா நாலரை மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி போடுறீங்க, ரொம்ப நல்லது, ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசிக்கு அந்த நேரம் தான் கணக்கு. ஆனா உயிர் பொழச்சு வீட்டுக்கு வந்தவங்க அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னும் எழுதுங்க.

எங்க அம்மாவுக்கு போன வருஷம் வலது கை கால் விழுந்துடுச்சு. ஆறாவது நாள் டிஸ்சார்ஜ். சீட்டுல கடைசியா பிசியோதெரபி செய்யவும்னு ஒரே ஒரு வரி, எங்க, எத்தன நாள், யார் செய்வாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. நாங்களும் தெரியாம விழுந்த கையப் பிடிச்சு இழுத்து இழுத்து தான் எழுப்பி உட்கார வச்சோம், தோள்பட்ட இறங்கிப் போய் ராத்திரி பூரா வலியில அழுதாங்க. அந்தக் கையப் பிடிச்சு இழுக்கவே கூடாது, படுக்கும்போது தலகாணி வச்சு தாங்கணும்னு வார்டுலயே சொல்லியிருந்தா அம்மா அந்தப் பாடு பட்டிருக்க மாட்டாங்க.

அப்புறம் மக்களைத் தேடி மருத்துவத்துல இருந்து பிசியோ பொண்ணு வீட்டுக்கே வந்துச்சு, 2021ல ஆரம்பிச்ச திட்டம், அந்தப் பொண்ணு புண்ணியத்துல அம்மா கம்பு ஊனி நடந்துட்டாங்க. ஆனா கை? சோத்தப் பிசைய முடியல, ஜாக்கெட் ஊக்கு போட முடியல. இதுக்குன்னே ஆக்குபேஷனல் தெரபின்னு ஒண்ணு இருக்குங்கறதே ஏழு மாசம் கழிச்சு தான் எங்களுக்குத் தெரியும். மதுரையில ஒரு மேடம் அம்மாவ என்ன தொழில்னு கேட்டாங்க. முப்பது வருஷமா பூ கட்டுறவங்கன்னு சொன்னதும் மொதல்ல பெரிய செவ்வந்தியும் தடி நூலும் கொடுத்தாங்க, கொஞ்சம் பிடி வந்தப்புறம் தான் மல்லி. நல்ல கையே எல்லாத்தையும் செஞ்சா விழுந்த கை வேலையவே மறந்துடும்னு சொல்லி இடது கைய மடியில வச்சுக்கச் சொன்னாங்க. இப்போ அம்மா தெனம் ரெண்டு முழம் கட்டுறாங்க. பழைய வேகம் இல்ல, முடிச்சு கொஞ்சம் தளர்வா தான் விழுது, ஆனா அவங்க முகத்தப் பாக்கணுமே.

வீட்டு ஆளுங்களுக்கு பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினா போதும்னு சிலர் சொல்றாங்க. நம்ம நாட்டுல 14 ஆஸ்பத்திரியில 1250 பேர வச்சு அதையும் சோதிச்சுப் பாத்தாச்சு, 2017ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு, வழக்கமான கவனிப்ப விட பலன் ஒண்ணும் கூடல. சொல்லிக் கொடுக்கறதும் வேணும் தான், ஆனா அதோட கையக் கழுவிடக் கூடாது, தெரபிஸ்ட் தொடர்ந்து பாக்கணும்.

கை கால் வேகமா தேறுறது மொதல் மூணு மாசத்துல தான்னு சொல்றாங்க, அம்மாவோட கைக்கு அந்த மூணு மாசம் சும்மாவே போச்சு. அதனால சுகாதாரத்துறைக்கு உங்க மூலமா கேக்குறேன், ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலயும் பக்கவாத நோயாளிங்களுக்கு பிசியோவோட ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் போடுங்க, வீட்டுக்கு அனுப்பும்போதே அடுத்து எந்தத் தேதி, எங்க வரணும்னு சீட்டுல எழுதிக் கொடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நிலக்கோட்டை