பொருத்தமற்ற நாஸ் சேமிப்பகத்தை விற்றமை தொடர்பான முறைப்பாடு

உரிமையாளர்,
அச்சகம்,
ஹட்டன்.

முகாமையாளர்,
விற்பனைப் பிரிவு.

ஐயா,

எமது அச்சகத்தின் கோப்புகளை ஓரிடத்தில் வைத்துப் பயன்படுத்துவதற்காகத் தங்கள் நிறுவனத்தில் வாங்கிய நாஸ் சேமிப்பகம் (வலையமைப்பில் இணைத்து எல்லாக் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புச் சேமிப்புச் சாதனம்) எமது தேவைக்கு உதவவில்லை என்பதையும், அதற்குத் தங்கள் தொழினுட்பவியலாளர் சொன்ன தீர்வை எம்மால் ஏற்க இயலாது என்பதையும் அறியத் தருகிறேன்.

பக்க வடிவமைப்புக்கு மேக் கணினிகளும், கணக்கு வேலைக்கு விண்டோஸ் 11 கணினிகளும், அச்சுக்குக் கோப்பு அனுப்ப உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் கணினியொன்றும் எம்மிடம் இருப்பதை விலைமனு கோரியபோதே எழுத்தில் தெரிவித்திருந்தேன். மூன்றுக்கும் ஒத்துவரும் என்று தங்கள் விற்பனையாளரும் எழுத்திலேயே பதில் தந்தார். ஆனால் பெட்டிக்குள் இருந்த கையேட்டின் விண்டோஸ் பட்டியல் எக்ஸ்பி, விஸ்டா, 7 என்பதோடு முடிந்துவிடுகிறது. விற்கும் முன் அந்தப் பக்கத்தை யாராவது புரட்டிப் பார்த்திருந்தால் இக்கடிதத்துக்கே தேவை இருந்திராது.

மேக் கணினிகள் மட்டும் ஏ.எஃப்.பி. என்ற பழைய நெறிமுறை (கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் விதிமுறை) வழியாகச் சேமிப்பகத்தைத் திறக்கின்றன. அதையும் ஆப்பிள் நிறுவனமே 2013 முதல் பின்தள்ளி, எஸ்.எம்.பி. என்ற மற்றொரு நெறிமுறையின் இரண்டாம் பதிப்பான எஸ்.எம்.பி. 2க்கு முதலிடம் கொடுத்துவிட்டது. இச்சாதனத்துக்குத் தெரிந்தது அதன் பழைய முதற்பதிப்பான எஸ்.எம்.பி. 1 மாத்திரமே என்பதால், இந்தப் பகிர்வு பாதுகாப்பற்றது என்ற அறிவிப்போடு விண்டோஸ் நின்றுவிடுகிறது. உபுண்டுவும் இணைய மறுக்கிறது.

தங்கள் தொழினுட்பவியலாளரோ, விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் எஸ்.எம்.பி. 1ஐ மீண்டும் இயக்கிவிடுமாறு தொலைபேசியில் சொல்லி முடித்துக்கொண்டார். 2017 மே மாதத்தில் பிரித்தானிய மருத்துவமனைகளைக்கூட முடக்கிய வன்னாக்ரை தீநிரல் பரவியது அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டையினூடாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, புதிதாக நிறுவப்படும் விண்டோஸிலிருந்து மைக்ரோசாப்ட் அதைப் படிப்படியாக விலக்கிவிட்டது. சாவி சேரவில்லை என்று வந்தவனிடம் கதவையே கழற்றி வைக்கச் சொல்வதற்கு ஒப்பான இந்த ஆலோசனையை, பாடசாலைகளின் பரீட்சை வினாத்தாள்களையும் அச்சிட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நடைமுறைப்படுத்த நான் தயாரில்லை.

கொள்ளளவு குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டில் 8 டெராபைட் என்றிருக்கிறது. உள்ளே இருப்பவை ஒன்றன் பிரதியாக மற்றொன்று இயங்குமாறு அமைத்துத் தரப்பட்ட இரண்டு 4 டெராபைட் வன்தட்டுகள் என்பதால், பயன்படுத்தக் கிடைப்பது 4 டெராபைட் மட்டுமே. இந்த அமைப்பு இருந்தால் வேறு காப்புப்பிரதி வேண்டாம் என்று விற்பனையாளர் கூறியதும் தவறு: ஒரு தட்டு பழுதானால் மற்றது காப்பாற்றும், ஆனால் கைதவறி அழித்த கோப்பு இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் போய்விடும்.

ஆகவே, எஸ்.எம்.பி. 3 நெறிமுறையில் இயங்குவதும், உற்பத்தியாளரின் மென்பொருள் மேம்படுத்தல்கள் தொடர்ந்து கிடைப்பதுமான ஒரு சாதனத்தை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் மின்சாரம் போய்வருவது இங்கே வழமையாதலால், மின்சாரம் போனதும் மின்கலத்தால் சிறிது நேரம் மின் வழங்கும் யு.பி.எஸ். உடன் இணைந்து தானாகவே முறையாக அணையும் வசதியும் அதில் இருக்க வேண்டும். அது இயலாதெனின் முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் வராவிடின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
உரிமையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டு, விற்பனையாளரின் பதில், கையேட்டுப் பக்கம் ஆகியவற்றின் பிரதிகள்.